பாதை ஓடும் நேரம்: மட்டக்களப்பு வாவிக்கரை வீதிகளில் மூன்று நாள்

மட்டக்களப்பில் ‘பாதை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாத் தமிழருக்கும் தெரிந்த பொருள். மற்றது, வாவியைக் கடக்க ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. “பாதை போயிட்டு, அடுத்ததுக்கு நில்லுங்க” என்று துறையடியில் ஒருவர் சொன்னால் வெளியூர்க்காரர் சற்றுத் திகைப்பார். பாதை எப்படிப் போகும்? இங்கே போகும். திரும்பியும் வரும். இருட்டினால் கரையில் கட்டப்பட்டுவிடும்.

2024ஆம் ஆண்டின் பொசன் போயா ஜூன் 21, வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. வியாழன் இரவு எட்டு மணிக்கு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார், நான் சரி என்றேன். வெள்ளி காலை ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு தலைக்கவசம், ஒரு முதுகுப்பையுடன் புறப்பட்டோம். எங்கே தங்குவது, எந்த வீதியால் போவது என்று எந்தத் திட்டமும் இல்லை. பிரதான வீதியை இயன்றவரை தவிர்ப்பது என்பது மட்டுமே ஒப்பந்தம்.

இப்படி நினைத்தவுடன் புறப்படுவது உலகின் பல இடங்களில் சாதாரண விடயம். இந்த வாவிக்கரையில் அப்படியல்ல. யுத்தக் காலத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதென்றால் அடையாள அட்டை, சோதனைச் சாவடி, பொதி அவிழ்த்தல், திரும்பி வரும் நேரம் எல்லாவற்றையும் யோசித்தே வீட்டுப் படியிறங்க வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின், 2022இல், எரிபொருள் நெருக்கடி வந்தது. கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான். அந்தக் கட்டுப்பாடு 2023 செப்டெம்பரில் நீங்கியது. ஆகவே திட்டமில்லாப் பயணம் எங்களுக்கு அண்மையில்தான் கைக்கு வந்தது. அது எல்லோர் கைக்கும் ஒரே அளவில் வந்திருக்கிறதா என்பதுதான் மூன்று நாளும் கூடவே வந்த கேள்வி. அதற்கு விடை சொல்ல வாவியின் அமைப்பிலிருந்து தொடங்கவேண்டும்.

எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்லாறு தாண்டி, கடற்கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்துண்டு எழுவான்கரை, அதாவது சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் மேய்ச்சல் நிலமும் காடுமாக விரிவது படுவான்கரை, சூரியன் படும் கரை.

பெயரில் திசை மட்டுமே இருந்தாலும் வாழ்க்கையில் வேறு பலவும் அதற்குள் அடங்கிவிட்டன. கல்முனைக்குப் போகும் பிரதான வீதி, சந்தைகள், பெரிய பாடசாலைகள் எல்லாம் எழுவான்கரைப் பக்கம். போதனா வைத்தியசாலை நகரில் இருக்கிறது, ஆதார வைத்தியசாலை களுவாஞ்சிக்குடியில். நெல்லும் பாலும் விறகும் படுவான்கரையில். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருந்த போடியார்களின் காலத்திலிருந்தே நெல் கிழக்கே போகும், பணமும் அதிகாரமும் கிழக்கிலேயே தங்கும்.

இந்த இரண்டு கரைகளையும் இணைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடக்கிலிருந்து சொன்னால் வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம். பாலமில்லாத இடங்களில் பாதை: குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஒன்று, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஒன்று. படுவான்கரையில் ஒருவரின் நாள் எப்படி ஓடும் என்பதை அவர் வீட்டுக்கு அருகில் பாலமா பாதையா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதல் நாள்: வலையிறவு, வவுணதீவு, உன்னிச்சை

நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. ஜூனில் கச்சான் காற்று தொடங்கியிருக்கும். மேற்கிலிருந்து வரும் அந்த வரண்ட காற்று தலைக்கவசத்துக்குள் புகுந்து உதட்டை வெடிக்க வைக்கும். ஆனால் வீதியின் இருபுறமும் பச்சைதான். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் இடங்களில் சிறுபோக வேளாண்மை. ஆயித்தியமலை தாண்டிப் போகப் போக வீடுகள் குறைந்து, மருத மரங்களும் வாய்க்கால்களும் கூடும். குளக்கட்டில் ஏறியதும் காற்று ஈரமாக மாறியது.

இவ்வளவு வெறுமையான, அழகான வீதி எப்படி மிஞ்சியது? 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரமும் எழுவான்கரையும் அரச படைகளின் கையிலும் இருந்தன. பாலத்தடியும் துறையடியும் எல்லையாகின. மேற்குப் பக்கத்து வீதிகளுக்குத் தாரும் வரவில்லை, கடைகளும் வரவில்லை. 2007 மார்ச்சில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது இந்த ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதோடு வாவியைக் கடந்து எழுவான்கரைப் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரை இல்லை. பயணியின் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் இடைவெளிகளில் சில, மக்கள் திரும்பாத வளவுகள்.

வவுணதீவுக்கு இன்னொரு அண்மைக் கதையும் உண்டு. 2018 நவம்பர் 30 அன்று இங்குள்ள சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் மீது விழுந்தது. ஒருவர் கைதுசெய்யப்பட்டுத் தடுத்துவைக்கப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரே, அந்தக் கொலைகளைச் செய்தது அதே தாக்குதல் குழுவினர் என்று விசாரணையில் தெரியவந்தது. அவர் விடுவிக்கப்பட்டார். இழந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. இங்கே ஒரு பொலிஸ்காரர் கைகாட்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது, பின்னால் இருப்பவர் ஏன் சட்டென்று மௌனமாகிறார் என்பது இந்தக் கதை தெரிந்தால் விளங்கும்.

இரண்டாம் நாள்: மண்முனையிலிருந்து மண்டூருக்கு

மண்முனையில் முன்பு பாதைதான் ஓடியது. ஜப்பானின் நிதியுதவியில் கட்டப்பட்ட பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இப்போது ஆரையம்பதிப் பக்கமிருந்து மறுகரைக்குச் சில நிமிடம் போதும். காலையில் பாலத்தின் இருபக்கமும் கண்டல் மரங்களுக்கிடையே வீச்சுவலைக்காரர்கள் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். நின்று பார்க்க மனம் வரும் இடம்.

பாலம் இறங்கினால் மகிழடித்தீவு. 1987 ஜனவரியில் இந்தப் பகுதி இறால் பண்ணையில் வேலைசெய்தவர்களும் அயலவர்களும் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12 அன்று, குண்டுவெடிப்பில் இரண்டு இராணுவத்தினர் இறந்ததை அடுத்து, படையினர் மகிழடித்தீவிலும் அயல் கிராமங்களிலும் பொதுமக்களைக் கொன்றார்கள். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாக ஏற்றுக்கொண்டது. ஊர் மக்கள் சொல்லும் எண்ணிக்கை 150க்கும் மேல். பின்னர் நடந்த இராணுவ விசாரணையில் கொலைக் குற்றத்துக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. பொறுப்பதிகாரி பதவி நீக்கப்பட்டதோடு விடயம் முடிந்தது.

நினைவுத்தூபி வீதியோரத்திலேயே இருக்கிறது. நாங்கள் போனது நினைவுநாள் கழிந்து ஒன்பதாவது நாளுக்கும் அடுத்த நாள். அவ்வழியே பால்கான் கட்டிய சைக்கிளில் வந்த ஒரு முதியவர் எங்களைக் கண்டு காலூன்றி நின்றார். “எங்க மனே போறீங்க?” மண்டூருக்கு என்றோம். மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதைக்குப் பிந்தக்கூடாது என்றார். தூபியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் ஒரு கல் நந்தி இருக்கிறது. கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயரின் முன் அந்த நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஐதிகம். கல்லை எழுப்பியாவது ஊரைக் காக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பழையது என்று அங்கே நிற்கையில் தோன்றும்.

பின்னர் வாவியோரமாகவும் வயலோரமாகவும் மாறி மாறி அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி ஊர்களைத் தொட்டு மண்டூர். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல பகல் கிடைக்காது. வளைவுகள் மெதுவானவை. எதிரே வருவது பெரும்பாலும் உழவு இயந்திரமோ மாட்டுப்பட்டியோதான். ஆனால் இதே வீதிகளில் மாரியில் வெள்ளம் மேவும். வாவி நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடுவார்கள். வெட்டினால் வேளாண்மை தப்பும். ஆனால் உப்பு ஏறி, மீன் கடலுக்குப் போகிறது என்று மீனவர் கவலைப்படுவார்கள். எப்போது வெட்டுவது என்பது வருடா வருடம் திரும்பும் வழக்கு.

மண்டூர் கந்தசுவாமி ஆலயத்தைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்வார். கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் துறை. அங்கே பாதை நின்றது.

அந்த மிதவையில் எங்களோடு இரண்டு மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரமொன்றைக் கட்டிய ஒரு சைக்கிள், மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், கையில் கிளினிக் கொப்பியோடு ஒரு கர்ப்பிணித் தாய். எங்களுக்கு அது அந்த நாளின் மிக அழகான கால் மணித்தியாலம். நண்பர் படம் எடுத்தார். அந்தத் தாய்க்கு அது வைத்தியசாலைக்குப் போகும் வழி. களுவாஞ்சிக்குடி வைத்தியசாலை அக்கரையில் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் இரவில் வலி எடுத்தால் பாதை இல்லை. வெல்லாவெளியைச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போகவேண்டும். மாரியில் அந்த வீதியும் வெள்ளத்தில் என்றால்? அதற்காகத்தான் இங்கே ஒரு பாலம் வேண்டும் என்று மக்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள்.

அக்கரையில் ஏறிப் பிரதான வீதியால் வடக்கே திரும்பினோம். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று இவ்வூரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குண்டு துளைத்த சுவரை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். மகிழடித்தீவில் வேகத்தைக் குறைத்தவர் இங்கேயும் குறைக்கவேண்டும். ஒரே நாளில் இரண்டு ஊரையும் கடக்க முடிகிற பயணத்துக்கு அந்தக் கடமை உண்டு.

இரவு கல்லடியில் முழுநிலா. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பாடும் மீன் கேட்க இதுவே காலமும் இடமும். தோணியின் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய முறை. யுத்த வருடங்களில் இரவில் தோணி இறக்குவதே ஆபத்தாக இருந்ததால், அந்தச் சத்தத்தைக் கேட்காமலே வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. நான் அதில் ஒருத்தி.

மூன்றாம் நாள்: குடும்பிமலைப் பக்கம்

ஞாயிறு வடக்கே போனோம். சித்தாண்டியில் வீதியோரக் கொட்டிலில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2023 செப்டெம்பர் 15 அன்று தொடங்கிய போராட்டம், நாங்கள் போனபோது ஒன்பது மாதம் தாண்டியிருந்தது. வயல் செய்யும் காலத்தில் ஊருக்குள் மாடு வைத்திருக்க முடியாது, பயிரை மேயும். அதனால் மாடுகளைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துப் போவது தலைமுறை வழக்கம். அந்தத் தரையில் வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்வதாகவும், மாடுகள் சுடப்பட்டும் பொறிவைத்தும் கொல்லப்படுவதாகவும் பண்ணையாளர்கள் சொல்கிறார்கள். வழியில் மண்சட்டித் தயிர் வாங்கிச் சாப்பிடும் ஒவ்வொரு பயணியும் இந்தப் பிரச்சினைக்குள் ஒரு கரண்டி வைத்திருக்கிறார்.

கிரானால் மேற்கே திரும்பிப் புலிபாய்ந்தகல் வீதியில் போனால் தொலைவில் அந்த மலை தெரியும். தமிழில் குடும்பிமலை, சிங்களத்தில் தொப்பிகல. ஒருவர் கண்ணுக்குக் குடுமி, இன்னொருவர் கண்ணுக்குத் தொப்பி. 2007 ஜூலையில் இராணுவம் இதைக் கைப்பற்றியதும் இரண்டாவது பெயர் நாடெங்கும் பரவியது. மாரியில் இந்த வீதியின் தாழ்ந்த பாலத்தை வெள்ளம் மேவினால் மக்கள் படகில்தான் கிரானுக்கு வரவேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு

இந்த வீதிகளில் போக விரும்புபவர்கள் மே முதல் செப்டெம்பருக்குள் போங்கள். டாங்கை நிரப்பிக்கொண்டு வாவியைக் கடவுங்கள். படுவான்கரையின் உட்பகுதிகளில் மாலைக்கு முன் ஊருக்குள் வந்துவிடுங்கள், யானை இறங்கும். நினைவுத்தூபிகளின் முன் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வருபவர்கள் பெற்றோரின் ஊர்ப்பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே வரைபடத்தைவிடப் பெயர் சொன்னால் வழி வேகமாகக் கிடைக்கும்.

முக்கியமாக, துறையடியில் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பயணிக்கு அது திரும்பும் நேரம். மண்டூரில் இருப்பவர்கள் பிள்ளையின் வகுப்பையும் நோயாளியின் பயணத்தையும் அந்த நேரத்துக்குள்தான் ஒவ்வொரு நாளும் அடக்கிக்கொள்கிறார்கள்.