நடுவரை யார் நியமிப்பது?

திருவந்திபுரத்தில் பெரிய முகூர்த்த நாள் என்றால் தேவநாதசுவாமி கோயில் வீதியில் நடக்க இடமிருக்காது. எங்கள் வகுப்பிலும் பாதிப் பேர்தான் இருப்பார்கள். அப்படி ஒரு நாளில், வந்திருந்த சிலருடன் எட்டாம் வகுப்பு நீதித்துறைப் பாடத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சார், கவர்மெண்டே தப்பு பண்ணா யார்கிட்ட போறது?" "கோர்ட்டுக்கு" என்றேன். "ஜட்ஜையும் கவர்மெண்டுதானே சார் போடுது?"

பல ஆண்டுகளாக நீதிபதிகளின் தகுதியையும் ஓய்வு வயதையும் மட்டுமே மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கபடி ஆட்டத்திலிருந்து தொடங்கினேன். நடுவரை ஓர் அணித் தலைவரே நியமிக்கலாம், தீர்ப்பு பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம் என்று விதி இருந்தால் ஆடுவீர்களா? "மாட்டோம்" என்று வகுப்பே சொன்னது.

அரசியலமைப்பு போட்ட வேலி

நடுவரைக் காக்க நம் அரசியலமைப்பு சில வேலிகளைப் போட்டிருக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயது வரையும், உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரையும் பதவியில் இருக்கலாம். இடையில் நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அவர்களின் ஊதியம் ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு உட்படுவதில்லை. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்கிறது 50ஆவது பிரிவு.

வேலி ஆட்டம் கண்ட நாள்கள்

வேலி இருந்தும் ஆபத்து வந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 7க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. உடனடியாக, பெரும்பான்மையுடன் நின்ற ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர்.

1975 ஜூன் 12 அன்று பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா தீர்ப்பளித்தார். 25ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது. விசாரணையின்றிப் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசா கைதுகள் நடந்தன. சென்னைச் சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார்.

சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியுமா? முடியும் என்று பல உயர் நீதிமன்றங்கள் கூறின. 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க எந்த நிலையிலும் அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவர் வாதம். 1977 ஜனவரியில், மூத்தவரான அவரை விட்டுவிட்டு எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். நெருக்கடிக் காலத்தில் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டதும் நடந்தது.

திருத்திக்கொண்ட கதை

1978இல் 44ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க முடியாது என்றாக்கியது. 1993 தீர்ப்பு, நியமனத்தில் மூத்த நீதிபதிகளின் கருத்துக்கு முதன்மை தந்தது. இதுவே கொலீஜியம் முறை. இதற்கு மாற்றாக வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று ரத்து செய்தது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது சரியா, வெளிப்படைத்தன்மை எங்கே என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. கன்னாவின் தனிக் குரல் சட்டமாக 41 ஆண்டுகள் ஆயின.

வகுப்பறைக்கு

பாடம் நடத்தும்போது மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதலாம்: நடுவரை யார் நியமிப்பது? யார் நீக்க முடியும்? யார் இடமாற்றம் செய்ய முடியும்? குழுக்களாகப் பிரிந்து மாணவர்களே விதி எழுதட்டும். எங்கள் வகுப்பில் ஒரு குழு எழுதிய விதி: "இரண்டு அணியும் சேர்ந்துதான் நடுவரைப் போடணும். ஆட்டம் முடியிற வரைக்கும் மாத்தக் கூடாது." கேள்வி கேட்ட மாணவி அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "நடுவரும் பயப்படக் கூடாது."

எந்த வேலியாலும் தர முடியாதது அந்தக் கடைசி வரி. கன்னாவின் கதையை ஆண்டு தவறாமல் வகுப்பில் சொல்வது அதற்காகத்தான்.