மல்லாக் போட்டாச்சு.. ஃப்ரீ போட்டீங்களா? சி மொழியில் மெமரியை தானாக விடுவிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த மாணவர்களுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி என்று இருந்தது. பைத்தானில் இல்லாத ஒரு தலைவலி இங்கே உண்டு. மல்லாக் மூலம் வாங்கின மெமரியை நாமதான் ஃப்ரீ போட்டு திருப்பித் தரணும். கல்யாணத்துக்கு எடுத்த வாடகைப் பாத்திரம் மாதிரி.

மறந்தா என்ன ஆகும்?

லேப்ல ஒண்ணும் ஆகாது. ப்ரோக்ராம் முடிந்ததும் ஆபரேட்டிங் சிஸ்டமே எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனாலதான் பலருக்கும் இந்தத் தப்பு தெரியாமலே போகுது. மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மெமரி நிறைந்து ஒருநாள் படுத்துவிடும்.

பழைய வழி 'கோட்டு'. ஃபங்ஷனில் எங்கே பிழை வந்தாலும் கடைசியில் இருக்கும் கிளீனப் பகுதிக்குத் தாவுவது. நல்ல வழிதான், ஆனால் கை தவறினால் ஆபத்து. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் சாதனங்களில் வெளிவந்த பிழை நினைவிருக்கா? 'கோட்டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்ததால், பாதுகாப்பு சோதனையின் முக்கியமான பகுதி நடக்காமலே 'எல்லாம் சரி' என்று பதில் போனது.

தானாக நடக்க வைப்பது எப்படி?

ஜிசிசி, கிளாங் கம்பைலர்களில் 'கிளீனப்' என்ற அட்ரிப்யூட் இருக்கிறது. வேரியபிளை அறிவிக்கும்போதே, "இதை விடுவிக்க இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று சொல்லிவிடலாம். அந்த பிளாக்கை விட்டு வெளியேறும்போது, நடுவில் ரிட்டர்ன் ஆனாலும், கம்பைலரே கூப்பிட்டுவிடும். கடைசியாக அறிவித்தது முதலில் விடுபடும். 2023-ல் வந்த லினக்ஸ் 6.5 கெர்னலிலேயே இதை வைத்து தனி ஹெடர் ஃபைல் சேர்த்தார்கள்.

எங்கே உதைக்கும்?

மெமரியின் பாயிண்டரை அப்படியே ரிட்டர்ன் செய்தால் சிக்கல். கூப்பிட்டவர் கைக்குப் போவதற்குள் அது ஃப்ரீ ஆகியிருக்கும். முகவரியை வேறு பாயிண்டருக்கு மாற்றி, பழையதை நல் ஆக்கிவிட்டுத்தான் அனுப்பணும். 'எக்ஸிட்' போட்டு நடுவிலேயே ப்ரோக்ராமை முடித்தாலும் கிளீனப் ஓடாது.

இது சி தரத்தில் இல்லாத கூடுதல் வசதி. 'டிஃபர்' என்ற இதே மாதிரி யோசனையும் சி23-ல் இடம்பெறவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலரில் இந்த அட்ரிப்யூட் வேலை செய்யாது. லேப்ல இன்னும் டர்போ சி-தானா? அப்போ கோட்டுதான் கதி!