சுவரும் கூரையும் – 17: டைல்ஸ் இல்லாத அடுப்படி

சென்ற வாரம் சிங்க்குக்கு அடியில் ஊறும் ஈரத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதே மேடைக்கு மேலே, அடுப்புக்குப் பின்னால் நிற்கும் சுவர். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் இருக்கும் இந்த இரண்டடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதை யாரும் யோசித்து முடிவு செய்வதில்லை. எஸ்டிமேட்டில் ‘டேடோ’ என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. என்ன நிறம், பூப்போட்டதா போடாததா என்பதில்தான் பேச்சே தொடங்குகிறது. வேறு எதை வைக்கலாம் என்ற கேள்வி அதற்கு முன்பே எழ வேண்டும்.

ஐந்தாறு வருடம் புழங்கிய ஒரு சமையலறையில் அடுப்புக்குப் பின்பக்கம் குனிந்து பாருங்கள். டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே வெள்ளை சிமெண்ட் அடைத்த கோடுதான் பழுப்பேறிக் கிடக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான கர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு போய், நுண்துளை நிறைந்த சிமெண்டுக்குள் இறக்கிவிடுகிறது. காரமான சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் கறை போவதற்குப் பதில் சிவக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே வேதியியல். வெயில் பட்டால் இந்த நிறம் மங்கிவிடும். ஆனால் அடுப்பு மூலைக்கு வெயில் ஏது?

எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. சூரியகாந்தி எண்ணெய் போன்றவை சூட்டிலும் காற்றிலும் மெல்ல இறுகிப் பிசினாகிவிடும். வழவழப்பான பரப்பில் இருந்தால் வெந்நீரும் பாத்திர சோப்பும் அதை எடுத்துவிடும். கோட்டுக்குள் புகுந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும்.

10 அடி நீளம், 2 அடி உயரச் சுவரில் 12-க்கு 8 அங்குல டைல்ஸைப் படுக்கவைத்து ஒட்டினால் மூன்று வரிசை வரும். படுக்கைக் கோடுகள் 20 அடி, நெட்டுக் கோடுகள் 18 அடி. ஆக 38 அடி நீளத்துக்குக் கறை குடிக்கும் சிமெண்டை நாமே காசு கொடுத்து வைக்கிறோம். ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிவிட்டவர்கள் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எப்பாக்ஸி அடைப்பு வைத்துக்கொள்ளலாம். அது எண்ணெயைக் குடிக்காது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, கோடே இல்லாத சுவரைத் தேடுங்கள். கூடவே இன்னொன்று: சமையலறைச் சுவர் முழுவதையும் ஒரே சுவராக நினைக்காதீர்கள். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் மூன்றடி அகலம்தான் நெருப்பையும் எண்ணெயையும் தாங்குகிறது. மற்ற இடத்துக்கு அவ்வளவு கவசம் தேவையில்லை.

முதலில் கிரானைட். மேடைக்குப் போடுகிற அதே பலகையைச் சுவரிலும் ஏற்றுவது நம் ஊரில் கையெட்டும் தூரத்தில் உள்ள வழி. எட்டு, ஒன்பது அடி நீளத்துக்கு ஒரே பலகை கிடைக்கும். சுவர் முழுவதற்கும் ஒரு ஜாயிண்ட் வந்தால் அதிகம். கருப்பு கிரானைட் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நிலவியல் கணக்கில் கிரானைட்டே இல்லை, டோலரைட்டும் காப்ரோவும்தான். ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும், பொன்துகள் மின்னும் ‘பிளாக் கேலக்ஸி’யும் அந்த இனம்தான். நமக்கு இதில் நஷ்டமில்லை. இவை இறுக்கமான கற்கள், எண்ணெயை எளிதில் உறிஞ்சாது. வெள்ளையும் வெளிர் நிறமுமான கிரானைட் வகைகள்தான் குடிக்கும். கடையில் ஒரு கழிவுத் துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். நல்லெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து அதன்மேல் தடவி, ஒரு ராத்திரி விட்டுக் காலையில் கழுவிப் பாருங்கள். தடம் நின்றால் அந்தக் கல் அடுப்படிக்கு ஆகாது. அல்லது சீலர் பூசிப் பராமரிக்க வேண்டும். கருப்புக் கல்லுக்கு இன்னொரு சோதனை உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோனைத் தொட்டு அழுத்தித் துடைத்தால் சாயம் துணிக்கு வந்துவிடும்.

எடையை மறக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் பலகை சதுர அடிக்கு நாலரை முதல் ஐந்து கிலோ. நாம் கணக்கெடுத்த 20 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. பலகை மேடைமேல் உட்காருவதால் பாரம் கீழே இறங்கிவிடும், அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஒட்டும் முறையில்தான் கவனம் வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் மேஸ்திரி சொன்னார்: “அக்கா, பின்னாடி நாலு மூலைக்கும் கட்டி கட்டியா பசை வெச்சு அமுக்கினா போதும், புடிச்சுக்கும்.” அந்த அம்மா அசையவில்லை. “இல்லீங்க மேஸ்திரி, முழுசா இழுத்துப் பூசிட்டு ஒட்டுங்க. பின்னாடி பொந்து விட்டீங்கன்னா கரப்பான்தான் குடி வரும்.” அவர் சொன்னது சரி. பொந்து விழுந்த இடத்தில் ஆணி அடிக்கத் துளை போட்டாலும் கல் விரிந்துவிடும்.

கடப்பா கல் மலிவு, கருப்பாகவும் இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடம் வெளுத்துப் போகும். அலமாரித் தட்டுக்கு நல்லது, அடுப்படிச் சுவருக்கு வேண்டாம். பளிங்குக்கும் இதே குணம்தான், விலை மட்டும் பல மடங்கு.

ஹோட்டல் சமையல்கட்டுகளில் நாள் முழுக்க வடைச்சட்டி கொதிக்கும் இடத்துக்குப் பின்னால் இருப்பது எவர்சில்வர் தகடு. வீடுகளில் இதை யாரும் நினைத்துப் பார்க்காதது எனக்கு வருத்தம். அந்த மூன்றடிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் நானறிந்து இல்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-ல் உருக்கிய துருப்பிடிக்காத எஃகின் சூட்சுமம் குரோமியம். காற்றுப் பட்டதும் குரோமியம் ஆக்ஸைடாகிக் கண்ணுக்குத் தெரியாத படலம் விரிக்கும். கீறினாலும் படலம் திரும்ப மூடிக்கொள்ளும். கேட்டு வாங்க வேண்டியது 304 என்ற ரகம்: குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். கடைக்காரர் காந்தத்தை வைத்து, “ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 304” என்பார். அந்தச் சோதனை போதாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள். மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்தும் கடைகளில் உண்டு, போட்டுக் காட்டச் சொல்லலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று புள்ளி புள்ளியாக அரிக்கும். அங்கே மாலிப்டினம் சேர்ந்த 316 நின்று உழைக்கும். தகட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போர்டு கொடுத்து ஒட்டினால் நெளியாது, தட்டினால் ஓசையும் வராது. பிளீச்சிங் பவுடரை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். குளோரின் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும்.

கண்ணாடி இப்போது அடுக்குமாடி வீடுகளில் பரவுகிறது. பின்புறம் நிறம் பூசிய பலகை. துடைப்பதற்கு அதைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் டஃபன்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். சுமார் 620 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் குளிர்காற்றால் சட்டென்று ஆற்றியது அது. உடைந்தாலும் சிறு துண்டுகளாக உதிரும். டஃபன் செய்தபின் அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. மிக்ஸிக்கான சுவிட்ச் பாக்ஸ் எங்கே வரும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வேலை நடக்கும் இடத்திலேயே வெட்டிப் பொருத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் கொண்டுவந்திருப்பது சாதாரணக் கண்ணாடி. அடுப்புச் சூட்டில் அது விரிசல் விடும்.

இரண்டு பொருட்களை அடுப்புக்கு அருகில் அனுமதிக்கவே கூடாது. பிவிசி பேனல், ஏசிபி ஷீட். பிவிசி 80 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள்; சாதாரண ரகத்தில் நடுவே இருப்பது பாலித்தீன், அது எரியும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் ஒரு வீட்டின் சமையலறையில் பிடித்த தீ, வெளிச்சுவரில் இருந்த இந்த வகை ஷீட்டுகள் வழியாகக் கட்டடம் முழுவதும் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். சமையலறைக்குள் மலிவாக முடிகிறதென்று இதை ஒட்டுவதைக் காணும்போது எனக்குப் பதைக்கிறது.

மீதிச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போதும். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் கை வைத்தால் இன்றும் குளிர்கின்றன. மொராக்கோவின் மராகேஷில் ‘தடெலாக்ட்’ என்று இதற்கு ஓர் உறவு உண்டு. கூழாங்கல்லால் மெருகிட்ட சுண்ணாம்பின்மேல் ஆலிவ் எண்ணெய் சோப்பைத் தேய்ப்பார்கள். சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத படலமாகிவிடும். அங்கே குளியலறைகளுக்கே அதைப் பூசுகிறார்கள். மஞ்சளும் புளியும் தெறிக்கும் இடத்துக்கு மட்டும் இது சரிவராது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம், கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாகக் குவார்ட்ஸ். பார்க்கக் கல் போலிருந்தாலும் கல்தூளைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்தது. பிசின் இருப்பதால் 150 டிகிரிக்கு மேல் நிறம் மாறக்கூடும். அதைவிடப் பெரிய கவலை, அதை அறுப்பவரின் நுரையீரல். தொண்ணூறு சதவீதம்வரை சிலிக்கா உள்ள அந்தப் பலகையை அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி சிலிக்கோசிஸைக் கொண்டுவரும். அதைக் குணமாக்க மருந்தில்லை. வாலிப வயதுத் தொழிலாளர்கள் அதில் விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. ஆகவே எந்தக் கல்லானாலும் சுவரை அளந்து, சுவிட்ச் பாக்ஸ் துளைகளையும் குறித்துக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி அறுக்கும் மெஷின் உள்ள பட்டறையிலேயே வெட்டி வாங்குங்கள். வீட்டு வாசலில் ஒரு பையன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கட்டர் பிடிக்கும்படி விடாதீர்கள். பட்டறையில் வெட்டுக்கூலி கொஞ்சம் கூடும். அதை எஸ்டிமேட்டில் தனி வரியாகவே எழுதச் சொல்லுங்கள்.