உங்களுக்குத் தெரியுமா? கிதாருக்கு இணையாகப் பறை!

ஊர்களில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அதிரும் பறை, ராக் மேடையிலும் ஏறியிருக்கிறது.

இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது. எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸோடு பறை, சட்டி, கட்ட மோளம் ஆகிய தாளக் கருவிகள். பாட்டில் கானாவும் ராப்பும். ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தே பெயருக்கு ஊற்று. முதல் ஆல்பம் ‘மகிழ்ச்சி’.

பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகி ஓசை கணீரென்று எழும். கிதாரின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த அடி தனித்துக் கேட்கிறது. குழுவின் உயிரே அதுதான்.

இக்குழுவின் கானா பாடகி இசைவாணி, பிபிசியின் 2020ஆம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.