வண்டிக்கேற்ற சக்கரம்

வண்டியின் வன்மை அதன் பொறியில் மட்டும் இல்லை. நிலத்தைத் தொடும் டயரிலும் உண்டு. அமெரிக்க நாட்டில் 2021ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரிவியன் ஆர்1டி என்னும் மின்சாரச் சுமைவண்டி இதற்குச் சான்றாகும். மின்கலத்தின் பாரமும் சேர, அதன் எடை மூன்று டன்னுக்கு மேற்பட்டது. அப்போது 20, 21, 22 அங்குலச் சக்கரங்களுள் ஒன்றை வாங்குவோரால் தெரிந்துகொள்ள இயன்றது.

சக்கரம் பெரிதாயின் டயரின் பக்கச்சுவர் தாழும். 20 அங்குலச் சக்கரத்தில் அச்சுவரின் உயரம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். 22 அங்குலச் சக்கரத்திலோ 14 சென்டிமீட்டரே. உயர்ந்த சுவர் கல்லும் பள்ளமும் தரும் அதிர்ச்சியைத் தாங்கும். தாழ்ந்த சுவர் வளைவுகளில் நெகிழாது நிற்கும். ஆயின், பள்ளத்தில் விழுந்தால் சக்கரத்தின் விளிம்பு நெளியக்கூடும்.

20 அங்குலச் சக்கரத்திற்கு அமைந்த டயர் கரடுமுரடான நிலத்துக்கு உரியது. ஆழ்ந்த வெட்டுகளையுடைய அது சேற்றிலும் பிடிப்புத் தரும். எனினும், உருளும்போது மிகுந்த மின்னாற்றலைச் செலவிடும். 21 அங்குலச் சக்கரத்தின் டயர் எளிதில் உருள்வது. அதனைப் பூண்ட வண்டி ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 505 கிலோமீட்டர் செல்லும் என மதிப்பிடப்பட்டது. கரட்டுநில டயரைப் பூட்டினால் அத்தொலைவில் பத்தில் ஒரு பங்கேனும் குறையும். மின்னேற்றும் இடம் சேய்மையில் இருப்பின், அக்குறைவே பயணியை நடுவழியில் நிறுத்திவிடும்.

ஆதலின், டயர் வண்டியின் எடையைத் தாங்க வல்லதா என முதலில் ஆராய்தல் வேண்டும். பின்னர், நாளும் செல்லும் வழியை நோக்குதல் வேண்டும். கண்ணைக் கவரும் சக்கரம் சிறந்தது அன்று. வழிக்கு ஏற்ற சக்கரமே சிறந்தது.