ஏழும் மூன்றும் எழுபத்து மூன்றா?

ஏழுடன் மூன்றைக் கூட்டினால் பத்து. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிப்பொறி மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவர் பலருக்குத் தொடக்கத்திலேயே 73 என்ற விடை வந்து திகைப்பூட்டுகிறது. கணிப்பொறிக்குக் கூட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாம் அதனிடம் கொடுத்தது எண்தானா என்பதே கேள்வி.

1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் உருவாக்கிய மொழி இது. இணையப் பக்கங்களில் நாம் நிரப்பும் படிவங்களையும் அவை போடும் கணக்குகளையும் இன்று பெரும்பாலும் இதுவே இயக்குகிறது.

எண் வேறு, எழுத்து வேறு

படிவத்தின் கட்டத்தில் 7 என்று தட்டுகிறோம். நமக்கு அது எண். கணிப்பொறிக்கோ அது ஓர் எழுத்து மட்டுமே. பூக்களைத் தொடுப்பதுபோல் எழுத்துக்களை வரிசையாகத் தொடுத்து வைப்பதால் இதனைச் 'சரம்' என்கிறார்கள். சரத்தோடு கூட்டல் குறி சேர்ந்தால், ஒன்றின் வாலில் மற்றொன்றைக் கட்டு என்று பொருள். ஆகவே "7" + 3 என்பது "73" ஆகிறது. கழித்தல் குறிக்கு இப்படி இரண்டு பொருள் கிடையாது. எனவே "7" - 3 என்றால் 4 என்ற சரியான விடையே வரும்.

இதைத் தவிர்க்க, கணக்கிடுமுன் சரத்தை எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கு 'நம்பர்', 'பார்ஸ்ஃப்ளோட்' என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. முதலாவது கண்டிப்பானது. "12,34,567" என்று காற்புள்ளிகளுடன் கொடுத்தால் 'இது எண் அன்று' என மறுத்துவிடும். இரண்டாவது தாராள மனம் கொண்டது. முதல் காற்புள்ளி வரை படித்து, 12 என்று விடை தந்து, மேற்கொண்டு ஒன்றும் சொல்லாது. பன்னிரண்டு லட்சம் ரூபாய் பன்னிரண்டு ரூபாயாகச் சுருங்கிவிடும்! மறுப்பதைவிட இந்த மௌனமே ஆபத்தானது.

முடிவில்லாத பத்தில் ஒன்று

எண்ணாக மாற்றியபின் எல்லாம் சரியாகிவிடுமா? 0.1 + 0.2 என்று கொடுத்துப் பாருங்கள். விடை 0.30000000000000004 என்று வரும்.

காரணம் எளிது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றிப் போகிறதல்லவா? கணிப்பொறி 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டுமே கொண்ட இரும எண்முறையைப் பயன்படுத்துகிறது. அம்முறையில் பத்தில் ஒன்று 0.000110011001100... என்று முடிவின்றி நீள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடமோ 64 பிட்டுகள்தாம். எஞ்சியதை வெட்டித் தோராயப்படுத்தியாக வேண்டும். அந்தத் துணுக்கு வேறுபாடே விடையின் கடைசியில் 4 ஆகத் தலைகாட்டுகிறது.

இத்தனை சிறிய பிழையால் என்ன கெட்டுவிடும் என்று நினைக்கலாம். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த பேட்ரியாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்புக் கருவி, பத்தில் ஒரு விநாடியை அலகாகக் கொண்டு காலத்தை எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட்டுகளில் வெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அலகிலும் பிழை சுமார் 0.000000095 விநாடி. கருவி தொடர்ந்து 100 மணி நேரம் ஓடியிருந்தது. அதாவது 36,00,000 அலகுகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 விநாடி. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே ரேடார் தவறான இடத்தில் தேடியது. ஏவுகணை படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் உயிரிழந்தனர். திருத்தப்பட்ட நிரல் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது. அந்த நிரல் எழுதப்பட்ட காலத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பிறக்கவே இல்லை. ஆனாலும் சிக்கலின் வேர் அதே பத்தில் ஒன்றுதான்.

காட்டுவதற்கு ஒன்று, கணக்கிட ஒன்று

விடையைத் திரையில் அழகாகக் காட்ட 'டூஃபிக்ஸ்டு' என்ற கட்டளை உண்டு. இரண்டு தசம இடம் போதும் என்று சொன்னால், மேற்கண்ட நீண்ட விடையை "0.30" என்று தரும். ஆனால் கவனியுங்கள், இது எண் அன்று, சரம்! இதனுடன் 1-ஐக் கூட்டினால் "0.301" என்று வரும். 'டூலோகேல்ஸ்டிரிங்' என்ற மற்றொரு கட்டளை அந்தந்த நாட்டு வழக்கப்படி காற்புள்ளி இடும். 1234567 என்பதை இந்திய முறையில் "12,34,567" என்றும், அமெரிக்க முறையில் "1,234,567" என்றும், ஜெர்மானிய முறையில் புள்ளியிட்டு "1.234.567" என்றும் எழுதும். மூன்றும் பார்ப்பதற்கான சரங்களே. கணக்கிடுவதற்கு உரியவை அல்ல.

இயற்பியல் செய்முறை ஏட்டில் நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இங்கும் பொருந்தும். அளவீடுகளை முழுமையாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறோம். தோராயப்படுத்துவது கடைசி வரியில்தான். அதுபோல, நுழையும்போதே சரத்தை எண்ணாக்குங்கள். இடையில் எண்ணாகவே வைத்திருங்கள். திரைக்கு அனுப்பும்போது மட்டும் சரமாக்குங்கள். பணக் கணக்கென்றால் ரூபாயை விட்டுப் பைசாவில் எண்ணுங்கள். 10 பைசாவும் 20 பைசாவும் சேர்ந்தால் துல்லியமாக 30 பைசா. முழு எண்களை 9,00,71,99,25,47,40,991 வரை இம்மொழி பிழையின்றி வைத்திருக்கும்.

அதற்கு அடுத்த எண்களில் என்ன நிகழ்கிறது? பள்ளிக் கணிப்பொறியில் இணைய உலாவியின் கன்சோல் பகுதியைத் திறந்து, 9007199254740993 என்று தட்டிப் பாருங்கள். வரும் விடையின் கடைசி இலக்கம் எது, ஏன் என்று யோசியுங்கள்.