முப்பது உருளை எஞ்சின்

மோட்டார் வண்டியொன்றின் முன்மூடியைத் திறந்து பார்த்தால், நான்கு அல்லது ஆறு உருளைகளை உடைய ஓர் எஞ்சினைக் காணலாம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிந்து, அதன் விசையால் உந்துதண்டு தள்ளப்படும் அறையே உருளை. அதனைச் சிலிண்டர் என்றும் கூறுவர். பெரிய லாரிகளிலும் உருளைகளின் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டுவது அரிது. ஆயினும், முப்பது உருளைகளோடு ஓடிய வண்டியொன்றும் உலகில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஈடுபட்ட ஷெர்மன் டாங்கிகளுள் எம்4ஏ4 என்னும் வகையே அது.

இத்தகைய விந்தையான எஞ்சின் தோன்றியதற்குக் காரணம் பற்றாக்குறையே ஆகும். ஷெர்மன் டாங்கிக்கு முதலில் விமான எஞ்சினையே பொருத்தினர். சக்கரத்தின் ஆரைக்கால்களைப் போல ஒன்பது உருளைகள் வட்டமாக அமைந்த எஞ்சின் அது. போர் மூண்டபின் விமானங்களுக்கும் அவ்வெஞ்சின்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. டாங்கிகளுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர்ப்புறத்தில் டாங்கித் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்த கிரைஸ்லர் நிறுவனத்திடம் 1941ஆம் ஆண்டில் இப்பணி வந்து சேர்ந்தது. புதிய எஞ்சின் ஒன்றை வரைந்து, வார்த்து, சோதித்து முடிக்க ஆண்டுகள் பல ஆகும், போரோ காத்திராது. ஆகவே அந்நிறுவனத்தார் தம் கார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆறு உருளை எஞ்சினையே கையில் எடுத்தனர். முப்பது டன்னுக்கும் மேற்பட்ட டாங்கியை இழுக்க அது ஒன்று போதுமா? போதாது. எனவே ஐந்து எஞ்சின்களை ஒரு மையத்தைச் சுற்றி விண்மீன் வடிவில் நிறுத்தி, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பற்சக்கரத்தைப் பூட்டி, அவை ஐந்தும் நடுவில் உள்ள ஒரே பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு செய்தனர். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இவ்வேற்பாடு. ஐந்தின் கொள்ளளவும் சேர்ந்து ஏறத்தாழ 20.5 லிட்டர் ஆயிற்று.

இப்பருத்த எஞ்சின் பழைய இடத்தில் அடங்கவில்லை. அதற்காக டாங்கியின் உடலையே 11 அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது. அழகிய அமைப்பு என்று இதனை எவரும் சொல்லார். பழுது பார்ப்போர் பட்ட பாடும் சிறிதன்று. முப்பது தீப்பொறிச் செருகிகளுள் அடியில் இருப்பவற்றைக் கை எட்டித் தொடுவதே அரும்பாடு. தொடக்கத்தில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியே நீரிறைக்கும் பம்பு இருந்தது. பின்னர் ஐந்திற்கும் பொதுவாக ஒன்றே அமைத்தனர். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்களையும் கைக்கெட்டுமாறு மேலே ஏற்றினர்.

1942 முதல் 1943 வரை இவ்வகை டாங்கிகள் 7,499 செய்யப்பட்டன. சிக்கலான எஞ்சினை அமெரிக்கப் படை பெரும்பாலும் உள்நாட்டுப் பயிற்சிக்கே வைத்துக்கொண்டது; மிகப் பலவற்றைப் பிரிட்டன் பெற்றது. ஐயத்தோடு ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷார், அது நம்பத்தக்க எஞ்சினே என்பதைப் பழக்கத்தில் கண்டனர். இதில் வியப்பில்லை. இணைப்பு ஒன்றே புதிது. உறுப்புகளோ சாலைகளில் ஓடித் தேறியவை.

பர்மாப் போர்முனையில் இந்தியக் குதிரைப்படை மரபில் வந்த படைப்பிரிவுகளும் இவ்வகை டாங்கிகளைச் செலுத்தின. 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவை ஐராவதி ஆற்றைக் கடந்து, வறண்ட நிலத்தின் வழியே மெய்க்டிலா நகரை நோக்கி விரைந்தன. வழி ஏறத்தாழ 80 மைல். பகைவர் நடுவே டாங்கி நின்றுவிட்டால் உள்ளிருக்கும் ஐவரின் உயிருக்கும் உறுதியில்லை. அவர்களுக்குப் பின்னால், இரும்புத் தடுப்பிற்கு அப்பால், நகர வீதிகளில் ஓடுவதற்கென வகுக்கப்பட்ட கார் எஞ்சின்கள் ஐந்தும் ஒருங்கே முழங்கிக்கொண்டிருந்தன. மார்ச்சு முதல் வாரத்தில் மெய்க்டிலா வீழ்ந்தது.